காரைக்குடியில் ஓர் இதய கிளினிக்: வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் இடம்

காரைக்குடி நூறடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் இதய கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை மதிப்பெண். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. ஒரு நோயாளியின் ரிப்போர்ட் விவரங்களோடு தன் பெயர் சேர்ந்து வர வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார், அது நியாயம்தான். ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

எண்பதை நெருங்கிய, அல்லது தாண்டிய பெற்றோருக்குத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ரெண்டு கட்டு வீட்டில் ஆச்சியும் கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண்ணும் மட்டும் இருப்பார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் ஓர் ஊரில், அதைச் சாப்பிடுகிறவர் இன்னோர் ஊரில். சாப்பிட்ட பிறகு இதயத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஆள் இல்லை.

நான் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட அதே ஆய்வகம்தான். அயனி, மின்முனை, மின்னழுத்தம் என்றே காலம் போனதால், இ.சி.ஜி. தாளைப் பார்த்தால் கோடாக மட்டும் பார்த்துவிட்டு விட முடியாது. மருத்துவம் நான் படித்ததில்லை. கீழே எழுதியிருப்பது எங்கள் ஆத்தாவுக்கு நடந்ததும், அதை ஒட்டி டாக்டர் எனக்கு விளக்கியதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்துத் தெளிந்ததும்.

ஆத்தாவுக்கு வயது 81, எடை 46 கிலோ. கோட்டையூரில் என்னோடு இருக்கிறார். படபடப்பு என்று ஒரு பெரிய நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., என்றார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும் நிலை அது. சோட்டலால் 80 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மாத்திரை வேலை செய்தது. துடிப்பு ஒழுங்குக்கு வந்தது, படபடப்பும் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் கிறுகிறுப்பு வர ஆரம்பித்தது. முற்றத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போகும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." தொலைபேசியில் கேட்டபோது நகரத்து மருத்துவமனையின் பதிலும் ஏறக்குறைய அதுதான். வயது என்ற சொல்லை இங்கே காரணமாகவும் வைத்துக்கொள்கிறார்கள், பதிலாகவும் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்தக் கிளினிக்கில் நான் கண்ட பெரிய வித்தியாசமே அதுதான். இங்கே வயது ஓர் எண். அதைச் சமன்பாட்டில் போட்டு விடை எடுக்கிறார்கள்.

முதலில் இ.சி.ஜி. எடுக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கிளினிக்கின் பாதி மதிப்பு அந்தப் பெண்ணால்தான். முதியவர்களின் தோல் காய்ந்து, மடிப்பு விழுந்து இருக்கும். மின்முனை சரியாகப் பதியாது. குளிரிலும் பயத்திலும் தசை நடுங்கும், அதுவும் கோட்டில் ஏறிவிடும். பல இடங்களில் க்ளிப்பைப் படக்கென்று மாட்டி, வந்த கோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பெண் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்திவிட்டார். ஈரப் பஞ்சால் மணிக்கட்டையும் கணுக்காலையும் துடைத்து, ஜெல் தடவி, "ஆச்சி, கையை அப்படியே தளர விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, ஆத்தாவின் மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். அடிக்கோடு நேராக வந்த பிறகுதான் பதிவு செய்தார். மின்முனைத் தொடர்பு மோசமாக இருந்தால் அளவீடே குப்பை என்பது எங்கள் ஆய்வகத்தில் முதல் பாடம். இங்கே அதைச் செய்யக் கண்ணால் பார்த்தேன்.

இயந்திரம் தானாகவே எல்லா எண்களையும் அச்சிட்டுத் தருகிறது. அதோடு அவர் விட்டுவிடவில்லை. எஃகு டிவைடர் ஒன்றை எடுத்து, இரண்டாம் லீடில் க்யூ தொடங்கும் இடத்தில் ஒரு முனையை வைத்து, டி அலை இறங்கி முடியும் இடத்தில் மறுமுனையை வைத்தார். டி அலை தட்டையாக இழுத்துக்கொண்டு போயிருந்ததால் முடியும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான்கைந்து துடிப்புகளில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். பதினான்கு சின்னக் கட்டம். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுவதால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிவிநாடி. ஆக 560. இதைத்தான் க்யூ-டி இடைவெளி என்கிறார்கள்: ஒரு துடிப்பில் இதயத்தின் கீழ் அறைகள் மின்னூட்டம் மாறிப் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம். நாடி நிமிடத்துக்கு 48. மெதுவாகத் துடிக்கும்போது இந்த இடைவெளி இயல்பாகவே கொஞ்சம் நீளும் என்பதால், 1920இல் பாஸெட் கொடுத்த சூத்திரப்படி இரண்டு துடிப்புக்கு இடையிலுள்ள நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தார். 501 வந்தது. இயந்திரம் அச்சிட்டிருந்த எண் இதைவிடக் கணிசமாகக் குறைவு. தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் 501 என்று எழுதி வட்டம் போட்டு, வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டு, தாளை நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பெண்களுக்கு 460 வரை இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். 500ஐத் தொட்டால் அபாயம். டோர்சாட் என்னும் உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு வர வாய்ப்பு கூடுகிறது. 1966இல் அதை முதலில் விவரித்தவர் டெஸ்ஸர்டென் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் அதைக் கண்டது 80 வயதுப் பெண்மணி ஒருவரிடம்தான். துடிப்பு மெதுவாகிப்போன இதயம். இதைப் படித்தபோது எங்கள் ஆத்தாதான் என் கண் முன்னால் வந்தார்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டதும் முதலில் சொன்னது: "மாத்திரைப் பையை மேசையில கொட்டுங்க." சோட்டலால், ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸாபன், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயஸைடும் சேர்ந்த மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்சூல், ஒரு கால்சியம். ஒவ்வோர் அட்டையாக எடுத்துத் தேதி பார்த்து ஓரமாக வைத்தார். பிறகு ஆத்தாவைப் பார்த்து, "ஆச்சி, நாட்டு மருந்து எதுவும் எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார். ஆத்தா, "மருந்தெல்லாம் இல்லத்தா, தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் ஒரு துண்டு வாயில அடக்கிக்கிருவேன், ராவும் பகலும்" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். அழுத்த மாத்திரையிலுள்ள தயஸைடும் சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றும். பான்டோபிரசோல் வகையை நீண்ட நாள் எடுத்தால் மக்னீசியம் குறையலாம். டோம்பெரிடோன் தானாகவே க்யூ-டி இடைவெளியை நீட்டும். அறுபது வயதுக்கு மேல் அபாயம் கூடுதல் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014இல் கட்டுப்பாடே கொண்டுவந்தது. நம் ஊரில் அந்தக் காப்சூலை மிட்டாய் மாதிரி வாங்கிக்கொண்டு போகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய குற்றவாளி இல்லை. எல்லாம் சேர்ந்து, அதற்கு மேல் சோட்டலால். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.2 இருந்தது. குறைந்தபட்சம் 3.5 இருக்க வேண்டும். இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 4க்கு மேலேயே வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்துதான் வயதுக் கணக்கு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.0. நகரத்து ரிப்போர்ட்டிலும் அதே எண்தான், பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சிட்டிருந்தது. டாக்டர் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 140இலிருந்து வயதைக் கழித்தால் 59. அதை எடை 46ஆல் பெருக்கு. 72ஆல் வகு. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கு. விடை 32. காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976இல் கொடுத்த சூத்திரம் இது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதற்கான மதிப்பீடு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. முதுமையில் தசை குறைந்துவிடுவதால் கிரியாட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் பாதிக்கும் கீழே போனபிறகும் எண் நல்லபிள்ளையாக 1.0 காட்டும்.

சோட்டலால் கல்லீரலில் சிதைவதில்லை. அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஏ.எஃப்.க்கு இதைக் கொடுக்கும்போது அந்தச் சூத்திரத்தின் விடை 60க்கு மேல் இருந்தால் இரண்டு வேளை, 40க்கும் 60க்கும் இடையில் என்றால் ஒரு வேளை, 40க்குக் கீழே கொடுக்கவே கூடாது. ஆத்தாவுக்கு 32. இரண்டு வேளை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேளை மாத்திரை வெளியேறும் முன் அடுத்த வேளை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அபிக்ஸாபனை அதே நகரத்து மருத்துவமனை 2.5 மில்லிகிராம் என்று சரியாகவே எழுதியிருந்தது. 80 வயது ஆனவர், 60 கிலோவுக்கு மிகாதவர், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் உள்ளவர் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் பாதி அளவு என்பது விதி. ஆக ஒரு மாத்திரைக்கு வயதும் எடையும் கணக்கில் வந்திருக்கின்றன. பக்கத்து வரியில் எழுதிய மாத்திரைக்கு வரவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது.

சரி, இதயம் என்ன ஆகிறது? அன்று மாலை கூட்டம் குறைந்த பிறகு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் சிக்ரிக்காரி என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் ஆழமாகவே போனார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயச் செல்லுக்குள் சோடியமும் கால்சியமும் பாய்கின்றன. பிறகு பொட்டாசியம் வெளியே போய்த்தான் செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இறக்கிய மின்கலத்தைத் திரும்ப ஏற்றுவது போல என்று நான் சொன்னதற்கு, "கிட்டத்தட்ட" என்றார். சோட்டலால் அந்தப் பொட்டாசியம் வாசலை அடைக்கிறது. செல் ஓய்வுநிலைக்குத் திரும்ப நேரமாகிறது, அதனால் தாறுமாறான மின்சுழற்சிகள் அடங்குகின்றன. அதுதான் மருந்தின் பலன். அதே நீட்சி எல்லை தாண்டினால் புதிதாக ஒரு தாறுமாறைக் கிளப்பிவிடுகிறது.

வயது இதில் பல பக்கத்திலிருந்தும் வந்து சேருகிறது. இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சில் உள்ள செல்களில் பெரும்பகுதி முதுமைக்குள் போய்விடுகிறது. அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஓய்வில் இருக்கும்போது நாடி பெரிதாகக் குறைந்ததாகத் தெரியாது. நாற்பது வயதுக்காரருக்கு லேசாக வேகத்தைக் குறைக்கும் அதே மருந்து, கையிருப்பு குறைந்த அந்த முடிச்சை அளவுக்கு மீறி அமுக்கிவிடும். சோட்டலாலுக்கு பீட்டா தடுப்புக் குணமும், அதாவது அட்ரினலினைத் தடுத்து நாடியைக் குறைக்கும் குணமும், உண்டு என்பதால் நாடி 48க்கு இறங்கியது. இதில் ஒரு வம்பான சங்கதி: பொட்டாசியம் வாசலை அடைக்கும் இந்த மருந்துகள், இதயம் மெதுவாகத் துடிக்கும்போது இன்னும் பலமாக இடைவெளியை நீட்டுகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தாலும் அப்படியே. ஆக மெதுவான முடிச்சு, மெதுவான சிறுநீரகம், குறைந்த பொட்டாசியம் மூன்றும் ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. இந்தக் கோளாறு பெண்களுக்கு வரும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். எழுந்து நின்றால் இளம் இதயம் உடனே வேகமெடுத்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும். முதிய இதயம் அட்ரினலினுக்கு அவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் சொல்வதில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் வயது மட்டுமல்ல, வயதைக் கேட்காமல் கொடுத்த மருந்தும்தான்.

அன்று எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. கிளினிக்கிலேயே மானிட்டரோடு சில படுக்கைகள் இருக்கின்றன. சோட்டலாலையும் டோம்பெரிடோனையும் நிறுத்தி, பொட்டாசியமும் மக்னீசியமும் கொடுத்து, மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை வைத்திருந்தார்கள். இரவில் மானிட்டர் கத்தும் ஒவ்வொரு தடவையும் நர்ஸ் ஓடி வந்து பார்த்தார். ஒரு தடவைகூட நாங்கள் போய்க் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிறகு எடுத்த இ.சி.ஜி.யில் நாடி 64, பத்தரைக் கட்டம், சூத்திரத்தில் போட்டால் 434. கிறுகிறுப்பு போய்விட்டது. அழுத்த மாத்திரையையும் தயஸைடு இல்லாததாக மாற்றிக் கொடுத்தார். அதிமதுரத்துக்குப் பதில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். அதில் மட்டும் ஆத்தாவுக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது.

அடுத்து என்ன கொடுப்பது என்று முடிவு செய்ததிலும் எங்களை உட்காரவைத்துப் பேசினார். துடிப்பை எப்படியாவது ஒழுங்குக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டுமா, வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைத்தால் போதுமா என்பது பழைய விவாதம். 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வில் 4,060 பேர், சராசரி வயது எழுபதை ஒட்டி. ஒழுங்குக்குக் கொண்டுவரும் மருந்துகளால் ஆயுள் கூடவில்லை. ஆனால் 2020இல் வந்த ஈஸ்ட்-ஏஎஃப்நெட் 4 ஆய்வு, நோய் கண்ட ஓராண்டுக்குள் தொடங்கினால் பலன் உண்டு என்று காட்டியது. இரண்டையும் மறைக்காமல் சொன்னார். ஆத்தாவின் சிறுநீரகம், எடை, பழைய அனுபவம் எல்லாம் சேர்த்துப் பார்த்து, வேகத்தைக் கட்டுப்படுத்துவதோடு நிற்போம் என்று முடிவானது. மெட்டோப்ரோலால், அதுவும் 12.5 மில்லிகிராமில் தொடக்கம். அது கல்லீரலில் சிதைவது. முதுமையில் கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறைவதால் அதையும் குறைவாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். கொடுத்த பிறகு, 24 மணி நேரமும் இ.சி.ஜி.யைப் பதிவு செய்யும் ஹோல்டர் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். நடுவில் நீண்ட நிறுத்தம் விழுகிறதா, பேஸ்மேக்கர் தேவைப்படுமா என்று பார்க்க. விழவில்லை.

துடிப்பை ஒழுங்காக்கும் இன்னொரு மருந்தான அமியோடரோன் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். காத்திருப்புக் கூடத்தில் பள்ளத்தூர்ப் பெரியவர் ஒருவர் அதைத்தான் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். அது நல்ல மருந்து, சிறுநீரகத்தை நம்பியிராத மருந்து, ஆனால் உடல் கொழுப்பில் போய்த் தங்கிவிடும் என்றார் டாக்டர். முதியவர்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் தங்கும் இடமும் அதிகம். ரத்தத்தில் பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். நிறுத்தினாலும் உடனே போகாது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின். நமக்கு நாளுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். அத்தனையும் பிரிந்து ரத்தத்தில் கலப்பதில்லை என்றாலும் தைராய்டைப் புரட்டிப்போட அது போதும். நுரையீரல், கல்லீரல், கண் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் வார்ஃபரினின் அளவைக் குறைக்க வேண்டும், நாடி வேகத்தைக் குறைக்கும் டிகாக்ஸினோடு சேர்ந்தால் டிகாக்ஸினைப் பாதியாக்க வேண்டும். அந்தப் பள்ளத்தூர்ப் பெரியவரின் ஃபைலில் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. தைராய்டு, கல்லீரல் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்பு எக்ஸ்ரே ஆண்டுக்கு ஒருமுறை என்று தேதி போட்டு, நாள் வந்ததும் கிளினிக்கிலிருந்தே போன் செய்கிறார்கள். அவரே எடுத்துக் காட்டினார்.

டிகாக்ஸினைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். அதுவும் சிறுநீரகம் வழியாகப் போவது. அளவு மிஞ்சினால் முதல் அறிகுறி பெரும்பாலும் இதயத்தில் தெரியாது. சாப்பாடு பிடிக்காது, குமட்டும், பொருள்கள் மஞ்சளாகத் தெரியும். "வயசானா பசி குறையும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முதியவர்களுக்கு நாளுக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது இப்போதைய அறிவுரை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 0.25. பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலையைக் கிளினிக்குக்குக் கீழே உள்ள மருந்துக் கடையே செய்து, தனித்தனிப் பொட்டலமாகப் போட்டுத் தருகிறது.

அந்தக் கடையையும் சேர்த்தே பாராட்ட வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: அஸித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், ஆன்டன்ஸெட்ரான், டோம்பெரிடோன், ஹைட்ராக்ஸிஸின்... துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாதவை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் அப்பச்சிக்குச் சளி என்று சொல்லி அஸித்ரோமைசின் கேட்டார். கடைப் பையன் முதலில் கேட்டது, "அப்பச்சி இதயத்துக்கு மாத்திரை எடுத்துக்கிறாகளா அண்ணே?" என்பதுதான். ஆமாம் என்றதும் மாடிக்குப் போன் போட்டான். மாத்திரை டப்பாக்களில் காலை, மதியம், இரவு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறார்கள். ஆத்தா கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார்.

வயது என்றால் முதுமை மட்டும் இல்லை. நாங்கள் இருந்தபோது புதுவயலிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார், குழந்தைக்குத் துடிப்பு அதிவேகம். டாக்டர் தானே மருந்து கொடுக்க முனையவில்லை. பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடும் வெராபமில் ஊசியே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் ரத்த ஓட்டத்தைக் குலைத்துவிடலாம் என்று சொல்லி, மதுரையில் குழந்தைகள் இதய மருத்துவரிடம் அவரே பேசி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து அனுப்பினார். தனக்கு எல்லை எது என்று தெரிந்த டாக்டர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கட்டணம்: ஆலோசனைக்கு 500 ரூபாய், இ.சி.ஜி. 300. ஹோல்டருக்கு 2,500 வாங்கினார்கள். அது கொஞ்சம் அதிகம், ஆனால் மதுரைக்குப் போய்வரும் கார் செலவை நினைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். தேவையில்லாத பரிசோதனை எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே எடுத்திருந்த எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொல்லவும் இல்லை.

இப்போது பிடித்துவைத்த அந்த அரை மதிப்பெண். கிளினிக் மாடியில். லிஃப்ட் இல்லை. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், கிறுகிறுப்புக்காரர்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், தன்மையாகத்தான் தூக்குகிறார்கள். ஆனாலும் தூக்கப்படுவது ஆத்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி இல்லை. வயதை இவ்வளவு நுணுக்கமாக மருந்தில் பார்க்கிறவர்கள் கட்டடத்திலும் பார்க்க வேண்டும். நேரிலேயே சொன்னேன். கீழ்த்தளத்தில் பக்கத்துக் கடை காலியாவதாகவும், அதை எடுத்து இ.சி.ஜி. அறையையாவது கீழே கொண்டுவரப் போவதாகவும் டாக்டர் சொன்னார். வந்ததும் இங்கே மதிப்பெண்ணை மாற்றி எழுதுகிறேன். இன்னொரு குறை, டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. மாத்திரை டப்பாவில் தமிழ் இருப்பதுபோல அதிலும் ஒரு பக்கம் தமிழில் கொடுக்கலாம். திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. முடிந்தால் வேறு நாள் போங்கள்.

போகிறவர்களுக்கு: டோக்கன் காலை ஏழு மணிக்குப் போனில் போடலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு, லேகியம் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய எடை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கணக்கே அதை வைத்துத்தான். பழைய இ.சி.ஜி. தாள்கள் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். மருந்து தொடங்கும் முன் எடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, டாக்டர் அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார். அது வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் நாளாக ஆக மங்கிவிடும். கையோடு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இந்த வகை மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து உண்டு. எங்களுக்கு நிறுத்தியது மானிட்டர் மாட்டிய பிறகுதான். ஞாயிறு விடுமுறை, அவசரத்துக்குக் கீழ்க்கடையில் டாக்டரின் எண் தருவார்கள்.